மூன்று செட் பல்லும் ஒரு கிண்ணமும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று மேல்தாடைப் பல்செட் இரண்டு, கீழ்த்தாடை ஒன்று செய்து முடித்தேன். கீழ்த்தாடைக்காரர் போன வாரமும் வந்து, பல்செட் டக் டக் என்கிறது என்று புலம்பியவர். சாப்பிடும்போதா பேசும்போதா என்று பல் டாக்டரம்மா கேட்டதற்கு, மனைவியோடு பேசும்போது மட்டும் என்றாராம். ஓரத்தைக் கொஞ்சம் ராவிக் கொடுத்திருக்கிறேன். மனைவிக்கு என் பட்டறையில் வைத்தியம் இல்லை.

வீட்டுக்கு வந்தால் தம்பி. காலையில் டிரம்பெட், மத்தியானம் புல்லாங்குழல், சாயங்காலம் சாக்ஸபோன். ஊதி ஊதிக் களைத்துவிட்டால் இளைப்பாறுவதற்குக் காங்கா மேளம். வார இறுதியில் நடனக் கூடத்தில் வாசிக்கும் லத்தீன் ஜாஸ் பேண்டில் ஒன்பது பேர். அதில் தான் ஒருவனே நான்கு பேருக்குச் சமம் என்று பெருமை வேறு. நான்கு பேர் என்றால் ஆளுக்கொரு நாள் லீவாவது எடுப்பார்கள்.

மார்ச் 7, சனி

தம்பியின் முன்பல் இரண்டும் போய்விட்டன. மேல்வரிசை.

கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு வந்து நின்றான். பின்னாலேயே டிராம்போன் வாசிக்கிறவர், அழுத முகத்தோடு. அவரை எல்லோரும் நீளக்கை என்றுதான் கூப்பிடுகிறார்கள். மேடை ரொம்பக் குறுகல். பாட்டுக்கு நடுவில் தம்பி சாக்ஸபோனை வைத்துவிட்டுப் புல்லாங்குழலை எடுக்கக் குனிந்து நிமிர்ந்திருக்கிறான். அதே நொடியில் டிராம்போனின் இழுப்புக் குழாய் முழு நீளத்துக்கு வெளியே வந்திருக்கிறது.

ஆள் இருப்பது தெரிய வேண்டாமா என்று நீளக்கையைப் பிடித்துக் கத்தினேன். தம்பி குறுக்கே விழுந்தான்.

"அவர் மேல தப்பில்லக்கா. அந்த சுரம் வரணும்னா குழாய் கடைசி வரைக்கும் நீளணும். சுரம் சரியா வந்துச்சு."

வாயில ரத்தம் வழியுது, சுரம் சரியா வந்துச்சாம். இவனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?

மார்ச் 8, ஞாயிறு

போதாக்குறைக்கு இன்னொன்று. பேண்டின் தலைவர் போன் செய்தார். கப்பல் பக்கமே போகாதவர், ஆனால் வெள்ளைத் தொப்பி போடுவதால் கேப்டன். கூடத்தின் முதலாளி மேடையை வெட்டிச் சாப்பாட்டு மேஜை போடப் போகிறாராம். இனி ஒன்பது பேருக்கு இடமில்லை, ஆறு நாற்காலிதான். அதனால் கேப்டன் ஒரு விதி போட்டிருக்கிறார்: மூன்று வாத்தியமாவது தெரிந்தவர்தான் பேண்டில் இருக்கலாம். ஏப்ரல் 11 அன்று பரீட்சை.

முதலில் போனவர் குச்சி. கிளாவே என்று இரண்டு சின்ன மரக் குச்சிகளை ஒன்றோடொன்று தட்டுவதுதான் அவருடைய மொத்த வேலையும். "ஒரே வாத்தியம், அதுவும் ரெண்டு குச்சி. அதுக்கு ஒரு நாற்காலியா?" என்றாராம் கேப்டன். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. இரண்டு வாத்தியத்தோடு நின்றுவிட்ட இன்னும் இரண்டு பேர் தாங்களே ஒதுங்கிக்கொண்டார்கள்.

தம்பி மேளம் தட்டுவது கணக்கில் வராது. அதற்கு ஆள் இருக்கிறது. ஊதுகிற மூன்றையும் ஊதிக் காட்டினால்தான் நாற்காலி. இல்லையென்றால் மாமாவின் குழாய்க் கடை. மாமா மாலையே வந்து துக்கம் விசாரித்தார். "கவலைப்படாதடா, நம்ம கடையிலயும் நாள் முழுக்க உன்னைச் சுத்திக் குழாய்தான்" என்று ஆறுதல் வேறு. தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நீளக்கை ஒரு பை நிறைய ஆப்பிள் கொடுத்துவிட்டுப் போனார். முன்பல் இல்லாதவனுக்கு ஆப்பிள்.

மார்ச் 10, செவ்வாய்

புண் ஆறி எலும்பு கெட்டிப்பட மூன்று மாதம் ஆகும், அதற்குப் பிறகுதான் நிரந்தரப் பல் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதுவரை கழற்றி மாட்டுகிற பல். அச்சு எடுத்தாயிற்று. சொந்தத் தம்பியின் வாய். இந்தத் தொழிலில் இவ்வளவு பொறுமையாக நான் மெழுகு வைத்ததே கிடையாது.

மார்ச் 13, வெள்ளி

மாட்டிவிட்டேன். அழகென்றால் அப்படி ஒரு அழகு. டாக்டரம்மா உள்ளே இருந்த நோயாளியை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினார்.

தம்பி கண்ணாடியைப் பார்த்தான், டிரம்பெட்டை எடுத்தான். குக்கர் விசில் வந்தது. சாக்ஸபோனைக் கடித்தான், பல் நழுவி நாக்கில் உட்கார்ந்தது. புல்லாங்குழலில் காற்று மட்டும் வந்தது.

"என்னக்கா செஞ்சு வெச்சிருக்கே?"

"கல்யாண மாப்பிள்ளை மாதிரி பல் வெச்சிருக்கேன். வேற என்னடா வேணும்?"

"என் பல்லுக்கு நடுவுல ஒரு சந்து இருந்துச்சே. அது எங்க?"

அடைத்துவிட்டேன். பழைய போட்டோவைப் பார்த்துத்தான் பல் தேர்ந்தெடுத்தேன். போட்டோவில் சந்து நன்றாகவே தெரிந்தது. ஆனால் சந்தைப் பார்த்தால் அடைத்துத்தான் என் கைக்குப் பழக்கம். இத்தனை வருஷமாக அவனுடைய காற்று அந்தச் சந்தில்தான் போய்க்கொண்டிருந்ததாம். எனக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 15, ஞாயிறு

சந்து விட்டுச் செய்தேன். டிரம்பெட் பரவாயில்லை. புல்லாங்குழல் ம்ஹும். சாக்ஸபோன் பேச்சையே எடுக்க வேண்டாம்.

மார்ச் 18, புதன்

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டதில் ஒன்று புரிந்தது. டிரம்பெட் பல்லை உள்ளே தள்ளுகிறது. அதனால் அண்ணம் முழுக்கத் தகடு வேண்டும், பக்கத்துப் பற்களில் கம்பிக் கொக்கி வேண்டும். ஆனால் அத்தனை பெரிய தகடு இருந்தால் புல்லாங்குழலுக்கு நாக்கு புரள இடமில்லை. அதற்குத் தகடு மெல்லிசாக, பல் கொஞ்சம் குட்டையாக இருக்கவேண்டும். சாக்ஸபோனிலோ மேல்பல் வாத்தியத்தின் மேலேயே உட்காருகிறது. அதற்குத் தடிமனான, தட்டையான நுனி.

ஒரு வாய்க்கு மூன்று வாத்தியம் என்றால் மூன்று செட் பல். வேறு வழியில்லை.

சாக்ஸபோன் செட்டைப் பார்த்த டாக்டரம்மா, "இது நம்ம இடத்துல செஞ்சதுன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார். மாட்டினால் தம்பி குதிரை மாதிரி இருக்கிறான். ஆனால் ஊதினான் பாருங்கள், நான் கையில் இருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

பல் மாற்றும் ஒத்திகை. பாட்டு நடுவில் பியானோக்காரர் தனியாக வாசிக்கும்போது டிரம்பெட் பல்லைக் கழற்றி, புல்லாங்குழல் பல்லை மாட்டி, வாத்தியத்தையும் மாற்றவேண்டும். முதல் தடவை பல்லை மாற்றிவிட்டு வாத்தியத்தை மாற்ற மறந்தான். இரண்டாம் தடவை வாத்தியத்தை மாற்றிவிட்டுப் பல்லை மறந்தான். மூன்றாம் தடவை புல்லாங்குழல் செட் கைநழுவி சாக்ஸபோனின் வாய்க்குள் விழுந்துவிட்டது. இரண்டு பேருமாக அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினோம். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, அதுவும் பாட்டுதான் என்று நினைத்துக் கை தட்டினார்.

மார்ச் 25, புதன்

முடிவு செய்தாயிற்று. நானே பக்கத்தில் நிற்கப்போகிறேன். எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர், தண்ணீரில் பல். எந்தப் பாட்டில் எப்போது எது என்று எடுத்துக் கொடுப்பது என் வேலை.

எப்போது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கிளாவேயை எண்ணுக்கா" என்றான். அதுதான் போய்விட்டதே, குச்சி இல்லையே? "குச்சி இல்லைன்னாலும் அது உள்ள ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். மூணு தட்டு, ஒரு மூச்சு, ரெண்டு தட்டு. அதுதான் ஒரு சுத்து. எட்டு சுத்து ஆனா புல்லாங்குழல் பல்லு."

மனசுக்குள் எண்ணினால் மூன்றாவது சுற்றிலேயே தொலைந்துபோகிறேன். மெழுகுக் கத்தியால் கிண்ணத்தின் விளிம்பில் தட்டிக்கொண்டே எண்ணினால் தொலையவில்லை. டண், டண், டண். டண் டண். தட்டுவதில் தவறில்லையே?

மார்ச் 29, ஞாயிறு

இன்று ஒன்று நடந்தது. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

எண்ணிப் பழக வேண்டும் என்று தம்பியின் பழைய ரெக்கார்டிங்குகளைப் போட்டுவிட்டுக் கிண்ணத்தோடு உட்கார்ந்தேன். இதுவரை எனக்கு அது ஒரு சந்தைக்கூச்சல். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், யாரும் யாரையும் கேட்பதில்லை. தட்டத் தட்ட, கூச்சல் விலகிவிட்டது. பியானோக்காரர் தட்டுக்கு முன்னால் ஒரு காலை வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். பாஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியத்தை வாசிக்கிறவர் விழவேண்டிய இடத்துக்கு ஒரு நூல் முன்பே விழுந்து எல்லோரையும் இழுக்கிறார். காங்கா நடுவில் நின்று சமாதானம் பேசுகிறது. ஒருத்தர்கூடக் கண்டபடி பேசவில்லை. எல்லோரும் அந்த ஐந்து தட்டைச் சுற்றித்தான் வந்துகொண்டிருக்கிறார்கள்.

பிறகு தம்பி. டிரம்பெட்டில் அவன் சண்டைக்காரன், வாசலில் நின்று கத்துகிறான். புல்லாங்குழலில் பச்சைப் பொய் சொல்கிறான், ஆனால் இனிக்க இனிக்க. சாக்ஸபோனில் மட்டும்தான் உண்மை பேசுகிறான். பொலேரோ என்று ஒரு மெதுவான பாட்டு. அதைக் கேட்டபோது, அப்பா இறந்த வருஷம் இவன் ஏன் என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று எனக்குப் புரிந்தது. பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நாற்காலி போகக் கூடாது. மாமாவுக்காகவோ வீட்டுக்காகவோ இல்லை. இந்த மூன்று பேரும் குழாய்க் கடையில் உட்காரக் கூடாது.

ஏப்ரல் 4, சனி

டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னார்: "நீங்க வேலை செய்யும்போது தட்டிக்கிட்டே இருக்கீங்க. நான் பல்லைக் குடையுற மிஷினும் அதே தாளத்துல போக ஆரம்பிச்சிடுச்சு. நோயாளிங்க பயப்படறாங்க."

ஏப்ரல் 10, வெள்ளி

சாப்பாடு இறங்கவில்லை. அவனுக்கில்லை, எனக்கு. அவன் ஆப்பிளைத் துண்டு போட்டுத் தின்றுகொண்டிருக்கிறான்.

ஏப்ரல் 11, சனி

பரீட்சை முடிந்தது. வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

கூடத்தில் ஆறு நாற்காலி. வாசலில் ஒரு புது ஆள், தம்பி தோற்றால் உட்கார மூன்று பெட்டியோடு தயார். நான் தம்பிக்கு வலது பக்கம் கிண்ணத்தோடு நின்றேன். இவங்க யார் என்று கேப்டன் கேட்டார். "என் பல்லைப் பாத்துக்கறவங்க" என்றான் தம்பி. கேப்டன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சரி என்றார். இசைக்காரர்களுக்கு எதுவும் விநோதமாகத் தெரிவதில்லை போலிருக்கிறது.

பாட்டு ஆரம்பித்ததும் எனக்கே தெரிந்தது, ஏதோ சரியில்லை. ஆறு பேரும் கெட்டிக்காரர்கள், ஆளுக்கு மூன்று நான்கு வாத்தியம். ஆனால் ஒருத்தர் முன்னால் போகிறார், ஒருத்தர் பின்னால் இழுக்கிறார். குச்சி போனதிலிருந்தே இப்படித்தான் ஆடிக்கொண்டிருக்கிறது என்று நீளக்கை பிறகு சொன்னார். எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. எண்ணிக்கை தொலைந்துவிடும் என்ற பயத்தில் கொஞ்சம் பலமாகவே தட்டினேன். டண், டண், டண். டண் டண். சீக்கிரமே பாட்டு என் எண்ணிக்கைக்குத் தோதாக வந்துவிட்டது. நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். எட்டாவது சுற்று. டிரம்பெட் பல்லை வாங்கினேன், புல்லாங்குழல் பல்லைக் கொடுத்தேன். பிறகு குதிரைப் பல். ஒன்றும் விழவில்லை, எதுவும் மாறிப்போகவில்லை. சாக்ஸபோனை அவன் ஊதி முடித்தபோது வாசலில் இருந்த புது ஆள் தன் மூன்று பெட்டியையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு மாசமா தள்ளாடிக்கிட்டிருந்த பேண்ட், இன்னிக்குத்தான் நின்னுச்சு" என்றார். பிறகு கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் இந்தப் பல்லோட மகிமை" என்றார்.

நாற்காலி கிடைத்துவிட்டது. கிண்ணத்தை இன்னும் நான் கீழே வைக்கவில்லை.

ஏப்ரல் 15, புதன்

பட்டறை வாசலில் பேண்டே நிற்கிறது. பியானோக்காரருக்கு நடுவில் சந்து வேண்டுமாம். நீங்கள் விரலால்தானே வாசிக்கிறீர்கள் என்றால், "இருந்தாலும்" என்கிறார். நீளக்கைக்குக் குதிரைப் பல். காங்காக்காரர் தயங்கித் தயங்கி, "கைக்கு ஏதாவது மாட்டித் தர முடியுமா?" என்று கேட்டார். கடைசியில் கேப்டனே வந்தார், வாய் நிறைய நல்ல பற்களோடு. எதைப் பிடுங்கினால் தேவலை என்று ஆலோசனை கேட்கிறார். நல்ல பல்லைப் பிடுங்கினா எனக்கு லைசென்ஸ் போயிடும் என்று டாக்டரம்மா எல்லோரையும் விரட்டிவிட்டார். போகும்போது அச்சாவது எடுத்துக் கொடுங்கள் என்று கெஞ்சினார்கள். எடுத்துக் கொடுத்தேன். ஆளுக்கொரு பிளாஸ்டர் தாடையோடு சந்தோஷமாகப் போனார்கள்.

மே 2, சனி

வாரா வாரம் கறுப்பு உடையில் மேடையில் நிற்கிறேன். நடனமாட வருகிறவர்களுக்கு என்னைப் பழகிவிட்டது. பல்லக்கா என்று பேர் வைத்திருக்கிறார்கள். கிண்ணத்தில் என்ன மீன் என்று ஒரு அம்மா கேட்டார்.

சனிக்கிழமை வராதா என்று செவ்வாயிலிருந்தே இருக்கிறது. இந்த வயதில் இது என்ன கூத்து?

ஜூன் 9, செவ்வாய்

எலும்பு நன்றாக ஆறிவிட்டதாம். நிரந்தரப் பல் வைத்துவிடலாம் என்கிறார் டாக்டரம்மா. கழற்றவே வேண்டாம், அண்ணத் தகடும் கிடையாது. மூன்று செட்டுக்கும் பொதுவாக ஒன்று, உங்களால் முடியுமா என்று என்னைக் கேட்டார். முடியும். எந்த இடத்தில் எவ்வளவு ராவ வேண்டும் என்று என் விரலுக்குத் தெரியும்.

"வெச்சிடலாம்க்கா" என்றான் தம்பி. "பாவம், எத்தனை நாளைக்கு நீ கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு நிப்பே?"

பாவமா? யார்டா பாவம்? நான் எப்பவாவது கால் வலிக்குதுன்னு சொன்னேனா? சரிடான்னேன். வேற என்ன சொல்றது, உன் வாயில பல்லே வேணாம், என்கிட்டயே இருக்கட்டும்னா?

ஜூன் 26, வெள்ளி

செய்து முடித்தேன். சந்து சரியாக அவனுடைய பழைய சந்து. டாக்டரம்மா பொருத்தினார். டிரம்பெட், புல்லாங்குழல், சாக்ஸபோன், மூன்றையும் மூச்சு விடாமல் மாற்றி மாற்றி வாசித்தான். மூன்று பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். நான் செய்ததிலேயே இதுதான் நல்ல வேலை.

எனக்கு வருத்தமாக இருக்கிறது. சந்தோஷப்படவேண்டிய நேரத்தில் வருத்தப்படுகிறேனே என்று கோபமாகவும் இருக்கிறது. கிண்ணத்தைக் கழுவி மேல் அலமாரியில் கவிழ்த்துவிட்டேன்.

ஜூன் 27, சனி

முதல் தடவையாக டிக்கெட் வாங்கிக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். ஒரு பழச்சாறு வாங்கினேன். பெரிய மனுஷி மாதிரி காலை நீட்டிக்கொண்டு கேட்கலாம் என்று எண்ணம்.

முதல் பாட்டு கொஞ்சம் ஆடியது. இரண்டாவது பாட்டில் தள்ளாடியது. மூன்றாவதில், தப்பு தன் வாத்தியத்தில்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. இவர்களுக்குத்தான் எல்லாம் வாசிக்கத் தெரியுமே. பியானோக்காரர் எழுந்துபோய்க் காங்காவைப் பிடித்தார். காங்காக்காரர் டிரம்பெட்டை எடுத்தார். டிராம்போனைக் கேப்டனிடம் கொடுத்துவிட்டு நீளக்கை பியானோவில் உட்கார்ந்தார். தம்பி மிச்ச இரண்டையும் ஊதிப் பார்த்துவிட்டு மேளத்தில் பங்கு கேட்கப் போனான். ஒரு கட்டத்தில் பாஸ் மட்டும் யாருமில்லாமல் சுவரில் சாய்ந்து நின்றது. எத்தனை மாற்றியும் ஆட்டம் நிற்கவில்லை. கீழே ஆடுகிறவர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டார்கள். முதலாளி மேஜையிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

என்னால் உட்கார முடியவில்லை. தம்பியின் நாற்காலி போகிறதே என்று இல்லை, அப்போது அதுகூட நினைவில்லை. அந்த ஐந்து தட்டு இல்லாமல் அந்த இடத்தில் இருக்கவே முடியவில்லை. கரண்டியை எடுத்துப் பழச்சாறு டம்ளரில் தட்டினேன். டண், டண், டண். டண் டண்.

பாஸ்காரர் முதலில் திரும்பினார். போய்த் தன் பாஸை எடுத்தார். பிறகு பியானோக்காரர் பியானோவுக்கு. நீளக்கை டிராம்போனுக்கு. ஒவ்வொருவராகத் தங்கள் இடத்துக்குத் திரும்பி உட்கார, பாட்டு நிமிர்ந்துவிட்டது. தம்பி சாக்ஸபோனை எடுத்துக்கொண்டு மேடை விளிம்புக்கு வந்து, என்னைப் பார்த்துக்கொண்டே வாசித்தான். நானும் அவனையே பார்த்துக்கொண்டு தட்டினேன்.

கேப்டன் தொப்பியைக் கழற்றிவிட்டார். அவருக்கு வழுக்கை என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

ஜூன் 29, திங்கள்

கேப்டன் பட்டறைக்கு வந்தார். வெகுநேரம் பிளாஸ்டர் தாடைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ காரணம் பல்லு இல்ல" என்றார்.

"பல்லு இல்ல" என்றேன். "குச்சியைத் திரும்பக் கூப்பிட்டுக்குங்க. அவருக்குத்தானே நியாயம்?"

"கூப்பிட்டேன் மேடம். கல்யாண பேண்ட்ல சேந்துட்டாரு. அங்க எத்தனை வாத்தியம் தெரியும்னு யாரும் கேக்கலையாம். வர மாட்டேன்னுட்டாரு." தொப்பியை உருட்டிக்கொண்டே, "நீங்க வாங்க" என்றார்.

வர ஆசை என்று எனக்கே தெரியும். அதை வெளியே காட்டாமல் விதியைச் சொன்னேன். மூன்று வாத்தியம் தெரிந்தால்தானே நாற்காலி? எனக்கு ஒன்றுகூடத் தெரியாதே?

கேப்டன் யோசித்தார். விதியை மாற்றுவது அவருக்குக் கௌரவப் பிரச்சினை. என் மேஜையைச் சுற்றிப் பார்த்தார். விரலை மடக்கினார். "கிண்ணம் ஒண்ணு. டம்ளர் ரெண்டு. அந்தக் கத்தி மூணு."

"கத்தியால கிண்ணத்தைத் தட்டினா அது ஒரே வாத்தியம் இல்லையா?"

"என் பேண்ட்ல ரெண்டு" என்றார் கேப்டன். நாற்காலி ஆறுதானே என்று கேட்டதற்கு, இனி தான் நின்றுகொண்டே வாசிப்பதாகச் சொல்லிவிட்டார்.

ஜூலை 2, வியாழன்

கல்யாண சீசன், பல் வேலை குவிந்து கிடக்கிறது. இருந்தாலும் டாக்டரம்மாவிடம் போய், இனி சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வரமாட்டேன் என்று சொன்னேன். என்ன விஷயம் என்றார்.

கச்சேரி இருக்கு என்றேன்.

"உங்க தம்பிக்கா?"

"எனக்கு."